தொட்டி அரக்கனின் கடைசி அத்தியாயம்

புத்தகம் வாளிக்குள் விழுந்தபோது கொக்கி தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள்.

கொக்கி, கதைக்குள் இருப்பவள். பதினாறு வயது. பள்ளி விட்டதும் இரும்புக் கொக்கியைத் தூக்கிக்கொண்டு அரக்கர்களை வேட்டையாடக் கிளம்பிவிடுவாள். வாளி, நூலகரின் குளியலறையில் இருப்பது. வீட்டில் தாழ்ப்பாள் உருப்படியாக விழும் ஒரே அறை அதுதான் என்பதால், முக்காலி போட்டு அங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள் நூலகர். மூடி திறந்தது. உள்ளே ஏதோ மூச்சுவிட்டது. அந்த நேரம் பார்த்து அவள் கணவன் கதவைத் தட்டினான்.

“உள்ள என்னதான் பண்ற? ஒரு மணி நேரமாச்சு!”

“ஐயோ, அம்மா!” என்று நூலகர் கையை உதறினாள். கொக்கி, அரக்கன், தொட்டி எல்லாம் தண்ணீருக்குள் போயின.

பள்ளி நூலகத்தில் அந்த நாவலுக்கு ஒரே பிரதி. முப்பத்தொரு பிள்ளைகள் பெயர் கொடுத்துக் காத்திருந்தார்கள். அத்தனை பேரையும் தாண்டி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தாள் அவள். மணியடிக்கும் அக்கா மட்டும் பார்த்துவிட்டாள்.

“படிங்க மிஸ். முன்னெல்லாம் கடைசி அத்தியாயம் இன்னும் நல்லா இருக்கும்” என்று அக்கா பெருமூச்சுவிட்டாள்.

நூலகர் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். நிரந்தரமா, வீட்டுக்கா என்பதைத் தலைமையாசிரியை அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லப்போகிறார்.

“தண்ணி விஷயமா? எங்கிட்ட விடு” என்றான் கணவன். அவன் குழாய் வேலை செய்பவன். தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்துப் பக்கம் பக்கமாகக் காட்டினான்.

இருபத்திரண்டு அத்தியாயங்கள் உப்பி எழுந்தன, எழுத்து அசையவில்லை. கடைசி அத்தியாயத்தின் பதினொரு பக்கங்களில் மட்டும் எழுத்தெல்லாம் நீலமாகக் கரைந்து ஓடியது. வேதியியல் படித்தவள். ஏன் என்று யோசித்திருக்கலாம். ஆனால் கணவன் அதற்குள் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிவிட்டான்.

கடைசி அத்தியாயத்தின் மேல் படகு வடிவில் பழுப்புத் தழும்பு விழுந்தது.

“எழுத்து போயிடுச்சு. ஆனா சுருக்கமும் போயிடுச்சு பாரு” என்றான் அவன் பெருமையாக.

நூலகர் புத்தகக் கடைக்குப் போன் செய்தாள். “அந்த நாவலா? பதிப்பு தீர்ந்து மூணு வருஷமாச்சும்மா.”

கீழ்வீட்டில் அதே பள்ளியில் படிக்கும் அக்காளும் தங்கையும் இருந்தார்கள். எதேச்சையாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

“முடிவா மிஸ்? அரக்கன் திருந்தி, பள்ளிக்கூடத்துல மணியடிக்கிற வேலைக்குச் சேர்ந்துடுவான்” என்றாள் போன வருடம் படித்திருந்த அக்காள்.

“சும்மா உளறாத!” என்றாள் போன மாதம் படித்த தங்கை. “அரக்கன் தன்னோட தப்ப நூறு தடவை எழுதி, அப்பா அம்மா கையெழுத்து வாங்கிட்டு வருவான். கொக்கி கணக்குல நூத்துக்கு நூறு எடுப்பா.”

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் ஒழுங்காகப் படிப்பதில்லை என்று நூலகர் வருத்தத்தோடு மாடியேறினாள்.

வேறு வழியில்லை. அவளே எழுத உட்கார்ந்தாள்.

“தொட்டிக்குள்ள குதிச்சுச் சண்டை போடணுமா?” என்று கணவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். “எதுக்கு? அடியில இருக்கிற வால்வத் திறந்துவிட்டா முடிஞ்சது வேலை.”

அப்படியே ஆயிற்று. கொக்கி வால்வைத் திறந்தாள். அரக்கன் ஒன்றரை அங்குலக் குழாய் வழியாக முனகிக்கொண்டே நாலு மாடி இறங்கி, முதல் வளைவில் இடுப்பு மாட்டிக்கொண்டு, “அக்கா, கொஞ்சம் இழுத்துவிடுங்க” என்று கெஞ்சினான். அச்செடுத்து, வெட்டி, ஒட்டி, திங்கட்கிழமை காலை வரிசையில் முதலாவதாக நின்ற ‘வால்’ என்கிற எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள்.

வால் ஒரே நாளில் முடித்தாள். அதோடு நின்றாளா? செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் பெஞ்சின் மேல் ஏறி நின்று கடைசி அத்தியாயத்தை நடித்தே காட்டினாள்.

புதன்கிழமை வரிசை எழுபதாகிவிட்டது. ஏற்கெனவே படித்தவர்களும் வந்து நின்றார்கள். “இன்னொரு தடவை மிஸ், ப்ளீஸ் மிஸ்!”

பழைய முடிவு தெரிந்தவர்கள் கையில் கிடைத்தால் குட்டு உடைந்துவிடும் என்று நூலகர் பயந்தாள். வியாழக்கிழமை புத்தகத்தை அலமாரியில் பூட்டிவிட்டு, ‘தைக்கப் போயிருக்கிறது’ என்று எழுதி ஒட்டினாள். மூன்றாவது மணி அடிப்பதற்குள் வால் எண்பது கையெழுத்தோடு தலைமையாசிரியை முன்னால் நின்றாள்.

வெள்ளிக்கிழமை. தலைமையாசிரியையின் மேசையில் ஒரு பக்கம் வேலை ஆணை, மறுபக்கம் புத்தகம். கடைசி அத்தியாயம் திறந்திருந்தது.

“உட்காருங்க. பழைய முடிவுல அப்படி என்ன குறை கண்டீங்க?”

“குறை ஒண்ணுமில்ல மேடம்!” அடைத்திருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. “நான்தான் வரிசைய மீறி எடுத்துட்டுப் போனேன். வாளியில விழுந்துடுச்சு. சத்தியமா வேணும்னு பண்ணல மேடம்.”

“பதினொரு பக்கமுமா?”

“பதினொரு பக்கமும்.”

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு ஆணையில் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார்.

“வேலை நிரந்தரம். பிள்ளைங்க இவ்வளவு ஆசையா படிச்சு நான் பார்த்ததில்ல.” கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார். “இருந்தாலும், கொக்கிக்குக் கணக்குல நூறு வாங்கிக் குடுத்திருக்கலாம்.”

நூலகர் தடுமாறி வெளியே வந்தாள். மணியடிக்கும் அக்கா கதவோரம் நின்றிருந்தாள்.

“வேலை குடுத்துட்டாங்க அக்கா. ஆனா ஒரு கதைப் புத்தகத்துக்குப் போய் மேடம் ஏன் இப்படிக் கண் கலங்குறாங்க?”

“கலங்காதா மிஸ்? போன வருஷம் நான் எழுதின முடிவு மேல டீயக் கொட்டிட்டு, ஒரு வாரம் லீவு போட்டு அவங்க எழுதினதாச்சே அது!”