எடின்ப்ரா, முந்தே ஹோகி

பெங்களூரு லிங்கராஜபுரத்திலிருந்து ஸ்காட்லாந்தின் எடின்ப்ராவுக்கு பஸ் விட்ட ஒரே மனிதன் ரைட்ரைட். அந்த ஊர்க்காரர்களுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு ஸ்டாப்புக்காவது அவன் பெயரை வைத்திருப்பார்கள்.

அவனுக்கு அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அம்மாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டுமே தெரியும். சிவாஜிநகர் வரை ஓடிய தனியார் வேனில் ஆறு வருஷம் கண்டக்டர். தெருவில் நடக்கும்போதும் அக்குளில் இல்லாத பையை இடுக்கிக்கொண்டுதான் நடப்பான். சலூனில் முடி வெட்டியானதும் நாற்காலியின் முதுகில் இரண்டு தட்டு தட்டுவான், வண்டி கிளம்பட்டும் என்பதுபோல. கல்யாணப் பந்தியில் நடுவில் ஓர் இலை காலியாகக் கிடந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. வாசலில் நிற்கும் ஒருவரைக் கூவி அழைத்து உட்கார வைத்துவிட்டுத்தான் ரசத்துக்குப் போவான்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பெங்களூரு முழுக்கக் கால் சென்டர் முளைத்தது. வெளிநாட்டு ரயிலைப் பற்றி விசாரிப்பவர்களுக்கு இங்கிருந்து போனில் பதில் சொல்லும் ஒன்றில், கவிதை எழுதித் திரிந்த நானும் சேர்ந்தேன், அவனும் சேர்ந்தான். காக்ஸ் டவுன் ஆங்கிலோ இந்தியப் பயணிகளோடு சண்டை போட்டே ஆங்கிலம் கற்றவன் அவன். வேலைக் கடிதம் வந்த அன்றே வேனை விட்டான். ஜீவனஹள்ளியில் அம்மா குடியிருந்த தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தான். பயிற்சியின் கடைசித் தேர்வில் தேறாதவர் வீட்டுக்குப் போகலாம் என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அவன் முதல் பக்கத்தோடு ஜிலேபி வாங்கப் போய்விட்டான்.

பயிற்சியில் எல்லாரையும் கவிழ்த்தது அந்த ஒரே ஊர்தான். பலகையில் அதன் ஆங்கில வாலில் நாலைந்து எழுத்துகள் ஓசையில்லாமல் சும்மா நின்றன. சும்மா நிற்பவனைப் பார்த்தால் நமக்குப் பொறுக்குமா? ஒவ்வொன்றையும் கூப்பிட்டு வேலை வாங்கினோம். நான் "எடின்பர்க்" என்றேன். ரைட்ரைட் "எடின்பரோ" என்றான். பயிற்சி கொடுத்த மிஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"எடின்ப்ரா. கடைசியில மூச்சு மட்டும் போதும். சனிக்கிழமை டெஸ்ட். இது வராதவங்க திங்கக்கிழமை வர வேண்டாம்."

ஒரு வாரம் அவன் அந்த ஊரை மென்றான். டீக்கடையில் சொன்னான், பல் துலக்கும்போது சொன்னான், லிங்கராஜபுரத்து சர்ச் வாசலில் மெழுகுவர்த்தி விற்ற பாட்டியிடமும் சொல்லிக் காட்டினான். "இன்னா நோவுப்பா இது, டாக்டராண்ட காட்டுனியா?" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை மாலை முகம் தொங்கிப்போய் வந்தான்.

"கவிஞரே, ஜிலேபிய திருப்பி வாங்க முடியுமா?"

"தின்னுட்டாங்களேடா."

"அதான். இனிமே எங்கம்மா அந்தத் தெருவுல எப்பிடி தண்ணி புடிக்கப் போவும்?"

அப்போது அவனுடைய பழைய வேன் எங்களைக் கடந்தது. படியில் புதுக் கண்டக்டர், புத்தகம் வாசிப்பதுபோல, "சி-வா-ஜி-ந-கர்" என்று அழைத்துக்கொண்டு போனான். ரைட்ரைட்டுக்கு ரத்தம் கொதித்தது.

"ஊர் பேர முழுசா சொல்றவன்லாம் ஒரு கண்டக்டரா? சொல்லி முடிக்கறதுக்குள்ள ஸ்டாப்பு பூடும் மச்சி. பாதிய வுடணும், மீதிய முழுங்கணும், ஷாஜ்நகர் ஷாஜ்நகர்னு…"

சட்டென்று நின்றான். என்னைப் பார்த்தான். எதையோ முணுமுணுத்தபடி வீட்டுக்குப் போய்விட்டான்.

சனிக்கிழமை அவன் முறை வந்தது. எழுந்தான். வலக்கையை உயர்த்தி இல்லாத கம்பியைப் பிடித்தான். இல்லாத பையை இடுக்கினான். உடம்பை லேசாகச் சாய்த்தான். ஏசி அறையே திருப்பத்தில் வளைந்ததுபோல இருந்தது.

"எடின்ப்ரா எடின்ப்ரா எடின்ப்ரா. ஹத்தி, ஹத்தி, சீட் இதே. எடின்ப்ரா, முந்தே ஹோகி."

தேய்ந்து, வழுக்கி, வாலில் வெறும் மூச்சோடு வந்து நின்றது அந்த ஊர். ஏறுங்க, சீட் இருக்கு, முன்னால போங்க என்ற கன்னடக் கூவலைக் கேட்டே பழகிய நாங்கள் நிஜமாகவே ஓரடி முன்னால் நகர்ந்தோம். மிஸ் பேனாவை மேசையில் வைத்தார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"எத்தன டிக்கெட் மிஸ்?"

மிஸ் சிரித்த சிரிப்பில் அடுத்த அறைப் பயிற்சி நின்றுபோனது. அடுத்து என் பெயர். எனக்கும் அந்த ஊர் வாயில் நிற்காத ஊர்தான். பின்னாலிருந்து ரைட்ரைட் மெல்லச் சொன்னான்: "கம்பிய புடிங்க கவிஞரே." பிடித்தேன். ஊர் வந்தது. எனக்குப் பின்னால் எஞ்சியவர்களும் ஒவ்வொருவராகக் கம்பியைப் பிடித்தார்கள். பத்தொன்பது பேர், ஒரே வண்டியில், ஒருவர்கூட இறங்காமல் எடின்ப்ரா போய்ச் சேர்ந்தோம். அன்று மாலை ஜீவனஹள்ளியில் இரண்டாம் முறை ஜிலேபி. ஏன் என்று தெருவுக்குப் புரியவில்லை, தின்றார்கள்.

பல வருஷம் கழித்து வேலை விஷயமாக நிஜமாகவே அந்த ஊருக்குப் போனேன். மழை தூறியது. பஸ்ஸில் கூட்டமே இல்லை. இருந்தும் பக்கத்து சீட்டில் ரைட்ரைட்டுக்காக என் பையை வைத்தேன், யாராவது கேட்டால் ஆள் வருது என்று சொல்வதற்காக.