தானாகவே நடக்கிறது என்பவர்

தானியங்கி மனிதர் என்று ஓர் இனம் நம் நடுவே உலாவுகிறது. இயந்திரமில்லை, சோறு தின்கிற மனிதர்தான். இவர்கள் வேலை செய்யமாட்டார்கள். எல்லா வேலையும் தானாகவே நடப்பதை நமக்கு விளக்கிச் சொல்வார்கள். இதில் உயர்ந்த ரகம் பார்க்க ஆசையா? பல்கலைக்கழகத்தில் ட்ரோனும் தன்னியக்கக் கருவிகளும் படிக்கிறார்களே, அந்த வகுப்புக்குப் போங்கள். கடைசி வருடத்தில் நன்றாக முற்றியிருப்பார்கள்.

கள்ளக்குறிச்சி கவியரசனை எடுத்துக்கொள்ளுங்கள். "இன்னாப்பா படிக்கிற?" என்று பஸ் ஸ்டாண்டில் யாராவது கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். "ட்ரோனுங்க. ஆளு ஓட்டத் தேவையில்ல. அதுவே யோசிக்கும், அதுவே போவும், அதுவே வந்துடும்" என்று அவன் தொடங்கினால், கேட்டவர் ஏறவேண்டிய பஸ் புறப்பட்டு, அதற்கடுத்த பஸ்ஸும் புறப்பட்டு, மூன்றாவது பஸ்ஸின் கண்டக்டர் டீ குடித்துவிட்டு வந்து தானும் நின்று கேட்க ஆரம்பித்துவிடுவார்.

அவனுடைய ட்ரோனுக்குப் பேட்டரி தானாகவே சார்ஜ் ஏறிக்கொள்ளும். உடைந்த இறக்கை தானாகவே மாறிக்கொள்ளும். ப்ராஜெக்ட் அறிக்கைகூடத் தானாகவே டைப் ஆகிவிட்டது. இத்தனையும் நடக்கிற நேரத்தில் ஷாலினி என்றொரு பெண் பக்கத்தில் இருப்பாள். ப்ராஜெக்டில் அவனுக்குக் கூட்டு. மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வெட்டப் போகிற வீட்டுப் பெண். ப்ராஜெக்டில் 'ஏ' கிரேடு வாங்கினால் வேலை என்று ஓசூர் கம்பெனி ஒன்று சொல்லியிருந்தது. அந்த ஓர் எழுத்துக்காகத்தான் அவள் இவனையும் பொறுத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

தேர்வு மலைமேல் கரியாலூரில், ஒரு மரவள்ளிக் காட்டில். ட்ரோன் காட்டைச் சுற்றிப் படமெடுத்துவிட்டு, கிளம்பிய இடத்துக்கே தானாக வந்து இறங்க வேண்டும். அதற்கு ஒரு குணம்: முடுக்கிவிட்ட இடத்தையே வீடென்று நினைத்துக்கொள்ளும். காட்டுக்குப் போய் முடுக்க வேண்டியதுதானே? நம் கவியரசன் வழியில் டீக்கடையில் நாலு பேர் பார்க்கிறார்களென்று அங்கேயே முடுக்கிக் காட்டிவிட்டு, அணைக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு காட்டுக்கு வந்தான்.

"கவி, ஒருதபா ஆஃப் பண்ணிட்டுப் போடுடா" என்றாள் ஷாலினி.

"அதுக்குத் தெரியும். நீ ரிமோட்ட சும்மா வெச்சுக்கினு நில்லு, போதும்."

ட்ரோன் ஏறியது, சுற்றியது, படமெடுத்தது. பிறகு ஒழுங்கான பிள்ளையாக டீக்கடைக்குப் புறப்பட்டது. கவியரசன் லேப்டாப்பை மடியில் வைத்து, தேர்வாளர் நிஷாத் சாருக்குத் தன்னியக்கத்தின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தான். பின்னால் நின்ற ஷாலினி அது போகும் திசையைப் பார்த்தாள். கடை வாசலில் பால் கொதிக்கிறது, பெஞ்சு நிறைய ஜனம். சட்டென்று ரிமோட்டைத் தட்டினாள். ட்ரோன் அந்தரத்தில் நின்றது, திரும்பியது, அவள் விரல் சொன்னபடி வந்து மரவள்ளி வரப்பில் பூப்போல இறங்கியது.

"பாத்தீங்களா சார்!" என்றான் கவியரசன். "தப்பான வழின்னு தெரிஞ்சதும் அதுவே திருத்திக்கிச்சு!"

நிஷாத் சார் வியந்துபோனார். "நீ இன்னாம்மா பண்ண?" என்று ஷாலினியைக் கேட்டார்.

உண்மையைச் சொன்னால் ட்ரோன் தானாக வரவில்லையென்று ஆகும், இருவருமே அம்பேல். அவள் ரிமோட்டைக் கீழே இறக்கிப் பிடித்தாள். கவியரசன் முந்திக்கொண்டான்: "சும்மா ரிமோட்ட புடிச்சுக்கினு இருந்தா சார்."

அவனுக்கு 'ஏ'. அவளுக்கு 'பி', உழைப்பு கம்மி என்ற குறிப்போடு. ஓசூர் போயிற்று. மலையிறங்கும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதவளை அவன் அன்பாகத்தான் தேற்றினான்: "வுடு ஷாலினி. வேலைன்னா தானா வரும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் பக்கத்தில் ஒரு டம்ளர் டீ வந்து உட்கார்ந்திருக்கிறதே, அது எப்படி வந்தது?