பந்தி சித்தப்பாவுக்கு மண்டபம் பார்த்த கதை

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில் இதுவரை எந்தக் கல்யாணமும் தாலி கட்டியதால் நடந்து முடிந்ததில்லை. பந்தி சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு "இலை போடு" என்று குரல் கொடுத்ததால்தான் முடிந்தது. மேளம், மந்திரம், தாலி எல்லாம் சாம்பார் கொதிக்கும்வரை சனங்களைப் பிடித்து உட்காரவைக்கப் பெரியவர்கள் செய்த ஏற்பாடு என்பது அவர் கட்சி.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆதார் அட்டையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் 'யார் இந்த ஆள்?' என்று ஒரு கணம் யோசித்திருக்கிறேன். தொழில் மல்லாட்டை வியாபாரம், அதாவது வேர்க்கடலை. ஆனால் மல்லாட்டையை அவர் ஒரு பொழுதுபோக்காகத்தான் செய்தார். உண்மையான உத்தியோகம் பந்தி விசாரணை.

நாங்கள் செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். எங்களில் பழைய ஆட்கள் பொழுது சாய்ந்தபின் பச்சைத் தண்ணீரைக்கூடப் பல்லில் படவிட மாட்டார்கள். (நான் ராத்திரி நெய் ரோஸ்ட் தின்கிற புது ஆள். என்னை விடுங்கள்.) ஆகவே எங்கள் கல்யாணங்களில் சூரியன்தான் முதலாளி, சித்தப்பா அவருடைய மேனேஜர். மூன்று மணிக்கே மேற்கே பார்க்க ஆரம்பித்துவிடுவார். நாலு மணிக்குப் போட்டோகிராபரை மிரட்டுவார். "ஜல்தி எடுய்யா, பொண்ணு எங்கயும் ஓடிடாது. சூரியன் ஓடிக்கினு இருக்கான்." எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபிறகு சமையல்காரர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், வேன் டிரைவர் இவர்களோடு கடைசிப் பந்தியில்தான் அவர் உட்காருவார். முதல் பந்தியில் அவரைப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது.

ஒருமுறை பெரிய கட்சிக்காரர் ஒருவர் கொடி கட்டிய காரில், பொழுது சாய்ந்தபின் வந்து இறங்கினார். மொத்தக் குடும்பமும் நடுங்கியது. சித்தப்பா கும்பிட்டபடி போய், அவர் கையில் ஒரு வாழைப்பழத்தை வைத்தார்.

"ரொம்ப சந்தோஷமுங்க. இத காலைல சாப்டுங்க."

கட்சிக்காரர் அந்தப் பழத்தைக் கையில் பிடித்தபடியே மணமக்களை வாழ்த்திவிட்டுப் போனார். போட்டோ இருக்கிறது.

இப்படிப்பட்ட மனிதருக்கு மறதி நோய் வந்தது. சித்தி போய்ச் சேர்ந்தபின் பிள்ளை குட்டி இல்லாத அவர் விழுப்புரத்தில் எங்களோடுதான் இருந்தார். முதலில் என் பெயர் போனது. பிறகு தெருவின் பெயர், கிழமை, சித்தி இறந்தது எல்லாம் வரிசையாகப் போயின. பந்தி மட்டும் போகவில்லை. சாயங்காலம் வெயில் மஞ்சளாக மாறினால் போதும், அவருக்குள் ஒரு மண்டபமே பரபரக்க ஆரம்பித்துவிடும். "இன்னாடா நிக்கிற? இலை போட்டியா? பொழுது சாயுதுடா!" என்று வீடு முழுக்க நடப்பார். தட்டில் சாப்பாடு வைத்தால், "இன்னும் சனம் சாப்டலியேடா" என்று தள்ளிவிடுவார். கண்ணில் அப்படி ஒரு கலக்கம்.

ஒருநாள் கொஞ்ச நேரம் காணவில்லை. எங்கள் தெருக்கோடி மண்டபத்தில் யாரோ வீட்டு ரிசப்ஷன். இவர் சாப்பாட்டுக்கூட வாசலில் துண்டோடு நின்றுகொண்டு, வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பியிருக்கிறார். "பொழுது சாஞ்சிடுச்சுங்க. பந்தி முடிஞ்சிடுச்சு. காலைல வாங்க." பெண் வீட்டார் இவரை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் அதேபோல். சம்பந்தி சண்டை வந்துவிடக்கூடாதே என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. பாதி ஊர் பட்டினியாக வீட்டுக்குப் போயிருந்தது. மறுநாள் பெண்ணின் அப்பா என் கடைக்கு வந்து நின்றபோது அவர் முகத்தில் மூன்று அண்டா பிரியாணி தெரிந்தது.

அதற்குச் சிரித்தோம். அடுத்த வாரம் நடந்ததற்குச் சிரிக்க முடியவில்லை. பைபாஸ் ரோட்டின் நடுவில் நின்று, இரண்டு கையையும் விரித்து, லாரிகளைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு லாரிக்காரர் பிரேக் போட்டு, இறங்கி, இவரைக் கைப்பிடித்து ஓரத்துக்குக் கூட்டி வந்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது இவர் உட்கார்ந்திருந்தார், லாரிக்காரர்தான் நடுங்கிக்கொண்டிருந்தார்.

என் மனைவி பத்மா அன்றைக்குத்தான் அந்தப் பேச்சை எடுத்தாள். "சின்ன மாமாவ பாத்துக்க எனக்கு அலுப்பு இல்லீங்க. ஆனா நம்ம கதவைத் தொறந்தா ரோடு. சாயங்காலம் நான் ஒரு ஆளு எத்தினி பக்கம் ஓடறது?"

டாக்டரும் அதையே சொன்னார். எந்நேரமும் ஆள் இருக்கிற இடமாகப் பாருங்கள் என்றார். நான் தைரியமாகத் தலையாட்டினேன். வெளியே வந்து பிறத்தியார் ஸ்கூட்டரில் சாவியைப் போட்டு வெகுநேரம் திருகிக்கொண்டிருந்தேன்.

முதியோர் இல்லம் பார்க்கப் போகிறோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? காரில் ஏறும்போது, "எங்கடா?" என்றார். என் வாயில் வந்தது இது: "மண்டபம் பாக்க, சித்தப்பா."

மனிதர் பத்து வயது குறைந்துபோனார். உள்ளே போய் வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார். "யாருக்குடா கல்யாணம்?"

"நம்ம ஜெயாவுக்கு," என்றேன். ஜெயா என் தங்கை.

"அவளுக்கு ஆயிடுச்சேடா! எண்ணெ காறிப்போச்சுன்னு சமையக்காரன்கிட்ட சண்ட போட்டேனே!"

கட்டிய பெண்டாட்டியின் சாவு மறந்த மனிதருக்கு எண்ணெய் காறியது நினைவிருக்கிறது. "அவ நாத்தனாருக்கு," என்றேன். ஜெயாவுக்கு நாத்தனாரே கிடையாது.

முதல் இடம் விழுப்புரத்திலேயே. வாசலில் பளிங்கு, உள்ளே செயற்கை அருவி, டை கட்டிய மேனேஜர். நான் அந்தக் குளிர்ச்சியில் மயங்கி, சோபாவில் அமர்ந்து, "எக்ஸலண்ட், எக்ஸலண்ட்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தப்பா அருவியைத் திரும்பியும் பார்க்கவில்லை. "மண்டபத்த வாசல்ல பாக்காதடா, கொல்லையில பாரு" என்பது அவர் பழைய சட்டம். நேராகப் பின்கட்டுக்குப் போனார். கை கழுவுகிற இடத்தில் குழாயைத் திருகினார். கழிப்பறைக் கதவுத் தாழ்ப்பாளை ஆட்டினார்.

"மாப்ள ரூம காட்டுப்பா."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் அருவியைப் பார்த்தேன். அறையைக் காட்டினார்கள். மண்டபத்து மெத்தையில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று விரிப்பைத் தூக்கிப் பார்ப்பது சித்தப்பாவின் வழக்கம். தூக்கினார். கட்டில் கம்பியில், இரண்டு பக்கமும், முடிச்சுப் போட்ட துணிப்பட்டைகள் தொங்கின.

"இன்னாய்யா இது? மாப்ளய கட்டிப் போடுவீங்களா?"

"நைட்ல விழுந்துடக் கூடாதுன்னு சேஃப்டிக்கு சார்," என்றார் மேனேஜர் என்னிடம். ஊருக்கே மூக்குக்கண்ணாடி மாட்டுகிற கடைக்காரன் நான். விரிப்புக்கு மேலே இருந்த பூப்போட்ட தலையணை மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

சித்தப்பா கடைசிக் கேள்வியைக் கேட்டார். "கடைசிப் பந்தி எப்ப எழுந்திருக்கும்?"

"டின்னர் எட்டரைக்கு ஐயா. ரூமுக்கே வந்துடும்."

"ரூமுக்கே வந்தா அதுக்குப் பேரு பந்தியாய்யா? பார்சலு." துண்டை உதறினார். "வாடா. இது சரிப்படாது."

இரண்டாவது இடம், திண்டிவனம் தாண்டி, கிளியனூர்ப் பக்கம். தென்னந்தோப்புக்குள் சின்னச் சின்ன ஓட்டு வீடுகள். நடத்துகிறவர் பொறுமையான மனிதர். நான் பதற்றத்தில், மனப்பாடம் செய்து வைத்திருந்த கேள்விகளைத் தலைகீழாகக் கேட்டேன்.

"லிஃப்ட் இருக்குங்களா?"

அவர் தோப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "எதுக்கு சார், தேங்கா பறிக்கவா?"

சித்தப்பாவுக்கு இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. "பந்தல் போட இடம் இருக்கு. வண்டி நிறுத்த இடம் இருக்கு. அட்வான்ஸ குடுடா!" எனக்கும் பிடித்திருந்தது, கேட் எங்கே என்று கேட்கிற வரைக்கும்.

"கேட்டே கெடையாது சார். அடைச்சி வெச்சா அது ஜெயிலு," என்றார் அவர். நல்ல மனசு. ஆனால் தோப்பு முடிகிற இடத்தில் பாண்டிச்சேரி பஸ்கள் பறந்துகொண்டிருந்தன. பைபாஸில் விரிந்த இரண்டு கைகள் எனக்கு ஞாபகம் வந்தன. ஒரு இடம் கட்டிப் போடுகிறது. இன்னொரு இடம் அவிழ்த்து விட்டுவிடுகிறது. நடுவில் ஒன்று இந்த உலகத்தில் இல்லையா என்று நினைத்தபடி காரை எடுத்தேன்.

திரும்பும்போது திண்டிவனத்தில் டிராஃபிக். வெயில் மஞ்சளானது. அதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் என் திட்டம். பின் சீட்டில் ஆரம்பித்துவிட்டது. "சனம் வந்துடுச்சுடா. இலை போட்டியா? நிறுத்துடா வண்டிய!" கார் ஓடும்போதே கதவைத் திறக்கப் பார்த்தார். நான் ஒரு கையால் ஸ்டீயரிங்கையும் இன்னொரு கையால் அவர் வேட்டியையும் பிடித்துக்கொண்டு, கூடவே ஏனோ வைப்பரையும் போட்டுவிட்டேன். வெயிலில் வைப்பர் கறக் கறக்கென்று ஆடியது.

திண்டிவனத்தில் ஒரு இல்லம் இருப்பது எனக்குத் தெரியும். போட்டோவில் ரைஸ் மில் ஆபீஸ் மாதிரி இருந்ததால் வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தேன். இப்போது வேறு வழியில்லை. அந்தச் சந்தில் திருப்பி, அந்தக் கேட்டின் முன்னாலேயே நிறுத்தினேன். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட கேட். ஒரு பெண் வந்து திறந்ததும் சித்தப்பா என்னை முந்திக்கொண்டு உள்ளே ஓடினார்.

கூடத்தில் நீள மேசை. சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெரியவர்கள். சுவரில் ஓதம், தலைக்கு மேலே முனகுகிற ஃபேன். எல்லார் முன்னாலும் தட்டு. வெயில் போவதற்கு முன்பே ராத்திரிச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள்!

"இலை போட்டாச்சா?" என்று கத்தினார் சித்தப்பா.

சாம்பார் வாளியோடு நின்ற நடுத்தர வயதுப் பெண்மணி அவரை ஒருமுறை பார்த்தார். அவர் துண்டைப் பார்த்தார். பின்னால் மூச்சிரைத்து நின்ற என்னைப் பார்த்தார். இடத்தை நடத்துகிற செல்வி அவர்தான் என்று பிறகுதான் தெரியும்.

"போட்டாச்சுங்க ஐயா. அப்பளம் போடத்தான் ஆளில்லாம பேஜாரா இருக்கு. வர்றீங்களா?"

அப்பளக் கூடை கை மாறியது. சித்தப்பா வரிசையாகப் போனார். ஆளுக்கு ஒன்று. ஒரு பாட்டி முந்தானையில் இரண்டை ஒளித்தாள், கண்டுகொள்ளவில்லை. மூலையில் இருந்த ஒரு பெரியவர், "யோவ், நான் மாப்ள வூடு, இன்னொண்ணு வை" என்று அதட்டினார். "மாப்ள வூட்டுக்கு என்னிக்கித்தான் வயிறு ரொம்பிச்சு?" என்று கூட ஒன்று வைத்தார் சித்தப்பா. கூடமே சிரித்தது.

நான் செல்வியிடம் கேட்டேன். "நீங்களும் எங்கள மாதிரி சமணருங்களா? பொழுதோட சாப்பாடு போடறீங்களே."

"நாங்க ஆட்டுக்கறி திங்கறவங்க சார்," என்று சிரித்தார். "பொழுது சாயறப்ப இவங்களுக்கு மனசு கலங்கும். அந்த நேரம் சும்மா உக்காந்திருந்தா வூட்டுக்குப் போணும்னு அழுவாங்க. நாலு பேரோட உக்காந்து வயிறு ரொம்பிச்சுன்னா கொஞ்சம் அடங்கும். அதான் இந்த நேரம். ஞாயித்துக்கெழம முட்ட மட்டும் உண்டு. ஐயாவுக்குப் பாத்திரம் தனியா வெச்சிடலாம்."

என் கேள்விகளைக் கேட்டேன். ராத்திரி யார் விழித்திருப்பார்கள், டாக்டர் எப்போது வருவார், விழுந்தால் என்ன செய்வீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கொல்லைக்கும் போய்ப் பார்த்தேன். கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது. அங்கிருந்து ஒரு கட்டிலுக்குப் போய் விரிப்பைத் தூக்கினேன். வெறும் மெத்தை.

திரும்பி வந்தபோது பெரியவர்கள் எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா செல்வியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "கடைசிப் பந்தி யாரு?"

"நானு, சமையல் அம்மா, கேட்ட தொறந்துச்சே அந்தப் பொண்ணு. அவ்ளோதாங்க."

சித்தப்பா மேற்கே எட்டிப் பார்த்தார். மதில்மேல் இன்னும் வெயில் இருந்தது. அவர்களோடு உட்கார்ந்தார். சாப்பிட்டார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் பொழுது அவரைத் தொந்தரவு செய்யாமல் சாய்ந்தது.

"இன்னா சித்தப்பா, மண்டபம் புடிச்சிருக்கா?" என்றேன்.

"செவுத்துக்கு வெள்ளையடிக்கச் சொல்லு," என்றார். "ஆளுங்க நல்ல ஆளுங்க."

கொண்டுபோய் விட்ட நாளில் அவர் அழுவார் என்று பயந்து, என்னென்னவோ ஆறுதல் வசனங்கள் தயாரித்திருந்தேன். அவர் என் தோளைத் தட்டி, "நீ கெளம்புடா. ஆயிரம் வேல இருக்கும். இங்க நான் பாத்துக்கறேன்" என்றார். நான் காரில் ஏறி ஸ்டீயரிங்மேல் தலையைக் கவிழ்த்தேன். ஹாரன் அழுத்திக்கொண்டது. அழுவதற்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. சந்து முழுக்க ஜன்னலைத் திறந்து பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். போன வாரம் லேட்டாகிவிட்டது. எல்லாரும் சாப்பிட்டாகிவிட்டது. கடைசிப் பந்தியில் சித்தப்பா, தன் பக்கத்து நாற்காலிமேல் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். முன்னால் ஒரு காலித் தட்டு.

"தெனமும் இப்படித்தான் சார்," என்றார் செல்வி. "யாரையும் உக்கார வுட மாட்டாரு. அவுரு அண்ணன் பையன் வரணுமாம்."

நான் பக்கத்தில் போய் நின்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். யாரென்று தெரியவில்லை.

"பொண்ணு வூடா, மாப்ள வூடா?"

என் முகத்தில் என்ன பார்த்தாரோ, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "எந்த வூடா இருந்தா இன்னா, உக்காருங்க. எங்க பையன் ஒருத்தன் வருவான், எப்பவும் லேட்டுதான். வந்தா எழுந்து இடம் குடுங்க."

உட்கார்ந்தேன். அவரே அப்பளம் வைத்தார். நான் அவசர அவசரமாக வாயில் போடுவதைப் பார்த்து, மதில்மேல் இருந்த வெயிலை ஒருமுறை அளந்தார்.

"மெதுவா சாப்டுங்க," என்றார். "இன்னும் வெளிச்சம் இருக்கு."