மூடியை என்ன செய்வது?

மகனின் அழைப்பு வர இன்னும் இருபத்து இரண்டு மணி நேரம் இருந்தது. குடியிருப்பின் உரக்குழி அதுவரை பொறுக்கிற மாதிரி தெரியவில்லை. நாற்றம் இரண்டாம் மாடிவரை ஏறிவிட்டது.

"கணக்கு சார், இது உரமா, எலி செத்த வாடையா?" கீழ்வீட்டுத் தையல்காரம்மா ஜன்னல் வழியே கேட்டார்.

"பக்குவமாயிட்டு இருக்கும்மா."

"மூக்கு பக்குவமாயிடுச்சு சார். உரம் எப்போ?"

ஓய்வுபெற்ற கணக்கரான அவரைக் குழிக்குப் பொறுப்பாளராக எல்லோரும் கைதூக்கித் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தன் சுத்தத்துக்குக் கிடைத்த மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டார். குழியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவன் மகன். அவன் சிறையில் இருந்தான். அங்கே நடந்த உரம் தயாரிக்கும் பயிற்சியில் முதலாவதாகத் தேறியிருந்தான். கட்டடத்தில் யார் கேட்டாலும், "வெளியூர்ல டிரெயினிங்" என்பார் கணக்கர். பாதி உண்மைதான்.

வாரம் ஓர் அழைப்பு, பத்து நிமிடம். அதில் ஒன்பதை மனைவி எடுத்துக்கொள்வார். "சாப்பிட்டியா? இளைச்சிட்டியா? இருமல் எப்படி இருக்கு?" மிச்சம்தான் கணக்கருக்கு.

முதல் வாரம், "குழி நாறுதுடா" என்றார்.

"அப்பா, தண்ணி..."

இணைப்பு அறுந்தது. கணக்கர் நான்கு வாளி ஊற்றினார்.

மறுவாரம் மகன் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தமே கேட்டது. "ஊத்தாதீங்கன்னு சொல்ல வந்தேன்ப்பா! போகட்டும், மூடியை..."

அறுந்தது. கணக்கர் மூடியை இறுக்கி, தார்ப்பாய் போர்த்தி, மேலே செங்கல் வைத்தார்.

இப்போது புழு வந்திருந்தது. பின்னாலேயே குடியிருப்புச் சங்கத்து செக்ரட்டரியும் வந்தார்.

"நாளைக்கு சாயங்காலம் முடிவு பண்ணிடலாம் சார். சரியாகலைன்னா மண்ணைக் கொட்டிட்டு பைக் நிறுத்திக்கலாம்."

மகன் கற்றுக்கொண்டதற்கு, சிறைக்கு வெளியே இருந்த ஒரே அடையாளம் அந்தக் குழிதான்.

மறுநாள் குழியைச் சுற்றிக் கூட்டம், மூக்கில் கைக்குட்டையோடு. கைபேசி அடித்தது. மனைவி கையை நீட்டினார்.

"இன்னிக்கு அவன் சாப்பிட்டிருப்பான்" என்று சொல்லிவிட்டு, கணக்கர் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரை அழுத்தினார். "மூடியை என்னடா பண்ணணும்?"

"திறக்கணும்ப்பா! காத்து இல்லாமத்தான் நாறுது. அடியில நிக்கிற தண்ணியை வடிச்சிடுங்க. ஒரு கூடை சமையல் கழிவுக்கு மூணு கூடை காஞ்ச இலை. நல்லா கிளறுங்க. புழுவைப் பார்த்து பயப்படாதீங்க, அது நம்ம ஆளு."

பத்து நிமிடமும் அவனே பேசினான். செக்ரட்டரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு தார்ப்பாயை இழுத்தார்.

அடுத்த வாரம் குழியிலிருந்து மழை நனைத்த மண்ணின் வாசனை வந்தது. செக்ரட்டரி ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.

"தம்பி கெட்டிக்காரன் சார். எங்க டிரெயினிங்னு சொன்னீங்க?"

மனைவி கணக்கரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். 'வெளியூர்' நாக்கு நுனிவரை வந்தது. கணக்கர் அதை விழுங்கினார்.

"ஜெயில்ல" என்றார். குரல் தானாக உயர்ந்தது. "என் பையன் ஜெயில்ல இருக்கான். அங்க அறுநூறு பேர் சாப்பிட்ட மிச்சம் நாறாம உரமாகுது. இப்ப அந்த வகுப்புக்கு அவன்தான் வாத்தியார்."

கிளறிக்கொண்டிருந்த தையல்காரம்மா நிமிர்ந்தார்.

"அட, அது தெரிஞ்சுதானே சார் உங்களுக்குக் கை தூக்கினோம்? மத்தபடி குப்பையைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்!"