அதிகாரிக்கு அடங்கிய குடல்

"இன்னா சார், கோடு ரயில் தண்டவாளமாட்டம் நேரா போய்க்கினே கீது?" என்றார் அட்டெண்டர் அப்துல் வஹீத்.

ஆய்வகத்தின் தற்காலிக ஆசிரியன் சுயம்புலிங்கம் எதிரே இருந்த கருவியைத் தட்டிப் பார்த்தான். கண்ணாடிக் குழாயில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். அதில் இரண்டு அங்குல ஆட்டுக்குடல் தொங்கியது. குடலில் கட்டிய நூல் ஒரு குச்சியை இழுக்க, குச்சியின் முனை, சுழலும் உருளையில் சுற்றிய கரிபூசிய தாளில் கோடு போடும். வெளியே எடுத்த பிறகும் குடல் சும்மா இருக்காதாம். அதற்குள்ளேயே சில செல்கள் உட்கார்ந்து தாளம் போடுமாம். மூளை சொல்லாமலே தசை நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை சுருங்கி விரியுமாம். புத்தகம் அப்படித்தான் சொல்லியது. அவன் பார்த்ததில்லை, பாவம்.

அடையாற்றில் இருந்த அந்த மருந்தியல் கல்லூரிக்கு இன்று இன்ஸ்பெக்‌ஷன். குடல் துடித்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் தி.நகரில் தாய்மாமாவின் ஜவுளிக்கடையில் துணி கிழிக்க வேண்டியதுதான்.

"வஹீத் பாய், குடல் புதுசுதானே?"

"விடிகாலைல என் கண்ணெதிர்ல அறுத்தது சார். ஊட்ல குடுத்துட்டுக் குளிக்கப் போனேன். சம்சாரம் பிளாஸ்க்ல போட்டு ரெடியா வெச்சிருந்துச்சு."

"லேசா மஞ்சளா இருக்கே?"

"ஆடு நல்லா தின்னுகீது போல."

சூடு போதவில்லையோ? சுயம்புலிங்கம் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினான். சுடர் எட்டவில்லை. மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த மரக்கட்டையை உருவி விளக்குக்கு அடியில் வைத்தான். இப்போது சுடர் எட்டியது, மேசை ஆடியது. தண்ணீர் கொதிக்கப் பார்த்தது. பதறிப்போய்ப் பானைத் தண்ணீரைக் கவிழ்த்தான். அது வழிந்து, பேசுவதற்கு எழுதி வைத்திருந்த குறிப்பெல்லாம் நனைந்தது.

"சார், வந்துட்டாரு!"

முதலில் வயிறு வந்தது. அதன் பின்னால் அதிகாரி நல்லசிவம் வந்தார். மாடி ஏறிய களைப்பில் மூச்சு வாங்க, வயிற்றை மேசை விளிம்பில் சாய்த்துக் குனிந்து பார்த்தார்.

குச்சி ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது!

"பேஷ்! கொஞ்சம் வேகம்தான், ஆனா என்ன ஒழுங்கு!" என்றார் அதிகாரி.

அலமாரியைப் பார்க்க நகர்ந்தார். கோடு படுத்துவிட்டது. திரும்பி வந்து சாய்ந்தார். மறுபடி ஆட்டம்.

"என்னய்யா இது, நான் போனா நிக்குது?"

சுயம்புலிங்கம் நனைந்த குறிப்பைப் புரட்டினான்.

"பெரியவங்க நின்னாத்தான் வேலை நடக்கும் சார்," என்றார் வஹீத். "எங்க ஆபீஸ் ரூமும் அப்டித்தான்."

நல்லசிவம் குலுங்கிச் சிரித்தார். கோடும் குலுங்கித் தாளின் உச்சிக்கே போனது. சிரிப்பு அடங்குவதற்குள் ஃபைலில் கையெழுத்தும் விழுந்துவிட்டது.

மதியம் வஹீத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள் அவர் மனைவி ஹாஜிரா பீ. சுயம்புலிங்கம் ஓடிப்போய்க் கும்பிட்டான்.

"நீங்க கொடுத்தனுப்பின குடல்தாம்மா என் வேலையைக் காப்பாத்துச்சு!"

அவள் வெட்கத்தோடு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"படிச்சவங்க இருக்கற எடத்துக்குப் பச்சையாவா அனுப்புவேன் சார்? மஞ்சள் போட்டு, மூணு கொதி வேகவெச்சில்ல குடுத்தேன்!"