மார்ல்டன் பாதையா, ஹக்ஸ்பி பாதையா

ஹக்ஸ்பி,
மழை விடாத ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி கத்பர்ட்டுக்கு, அக்கா ஹெஸ்டர் மனமார வாழ்த்தி எழுதுவது. இங்கே நானும் பூனையும் கூரையும் நலம். கூரையைப் பற்றி மட்டும் அடித்துச் சொல்வதற்கில்லை. நியூசிலாந்தில் நீயும் உன் மனைவியும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன கடிதத்தில் "ஊரில் என்ன விசேஷம்?" என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தாய். கேட்டது நீ. ஆகவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு படி.

போன மாதம் கவுன்சில்காரர்கள் வந்து, மதுக்கடைக்கு எதிரே இருக்கிற கம்பத்தில் ஓர் அறிவிப்பைத் தொங்கவிட்டுப் போனார்கள். மார்ல்டன் பாதையை ஓடைக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் மரக்கதவு போட்டு அடைத்துவிடப் போகிறார்களாம். காரணம் கேள். அது ஒரு பாதையே இல்லையாம், இரண்டு முட்டுச்சந்துகளாம். நாம் அதை மார்ல்டன் பாதை என்கிறோம், மார்ல்டன்காரர்கள் அதையே ஹக்ஸ்பி பாதை என்கிறார்கள். போய்ச் சேருகிற ஊரின் பெயரைத்தானே யாரும் சொல்வார்கள். அலுவலகத்தில் எவரோ இரண்டு பெயரையும் பார்த்துவிட்டு, இரண்டு பாதை, இரண்டும் தண்ணீரில் போய் முடிகின்றன, ஒருவரும் தாண்டுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டார். பாலம் இல்லாவிட்டால் என்ன, வண்டி தண்ணீரில் இறங்கி ஏறும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நான் ஏன் இதற்குப் போய்க் கொதிக்கிறேன் என்று நீ நினைப்பாய். அந்தப் பாதையில் நான் ஆறு வருடமாகப் போவதே இல்லை. அதன் மறுமுனையில் இருப்பது உன் பெரியக்கா டார்கஸ். அவள் கணவர் ஏமஸின் அடக்கத்துக்கு நான் புறப்பட்ட அன்று வழியில் ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்து நின்றதும், நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்து எல்லோரும் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்ததும், அவள் ஊரார் முன்னிலையில் என்னைப் பார்த்து, "இன்னிக்குமா லேட்டா வரணும் உனக்கு?" என்று கேட்டதும் உனக்கு எழுதியிருக்கிறேன். அன்றோடு பேச்சு நின்றது. அக்கா என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டேன். பாதை திறந்து கிடக்கிறது, நான் போகவில்லை. அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. நாளைக்குப் பாதையை அடைத்துவிட்டால், பாவம், ஹெஸ்டருக்கு வழியில்லை, அதனால்தான் போகவில்லை என்று ஆகிவிடாதா? இத்தனை வருட வைராக்கியமும் ஒரு மரக்கதவால் வீணாகிவிடுமே. விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

ஊர்க்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். சாலை அதிகாரி ஆஸ்கில் என்று ஒருவர் வந்திருந்தார். நல்ல மனிதர்தான், சேறே படாத பூட்ஸ். நான் எழுந்து பாதையின் வரலாற்றை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். உப்பு மூட்டை சுமந்த கழுதைகள் போட்ட தடம் அது என்றேன். பிறகு வாத்துகளை நகரத்துச் சந்தைக்கு நடத்தியே கொண்டுபோன காலத்தில், கால் தேயாமல் இருக்க அவற்றைத் தாரிலும் மணலிலும் மிதிக்கவிட்டு, ஆயிரக்கணக்கில் இதே வழியாகத்தான் ஓட்டிப் போனார்கள் என்றேன். பாதை குளத்தைத் தாண்டியதும் ஒரு வயலின் மூன்று பக்கமும் சுற்றி வருகிறதே, அது ஏன் என்றால் அந்தக் காலத்துப் பண்ணையார் தன் டர்னிப் கிழங்கைத் தொடாமல் போ என்று பாதைக்கே உத்தரவு போட்டதால் என்றேன். மேட்டின் உச்சியில் சுங்கச்சாவடி வைத்ததும் ஊரே அதற்குப் பின்னால் ஒரு வளைவு போட்டுக்கொண்டு ஏமாற்றிப் போனதையும், சாவடி இடிந்த பிறகும் பழக்கம் விடாமல் நாம் இன்றுவரை அதே வளைவில் போவதையும் சொன்னேன். அங்கிருந்து இறங்கினால் ஓடை, ஓடையைத் தாண்டி ஏறினால் மார்ல்டன். ஒரே பாதை. அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ரொம்ப சந்தோஷம் மேடம். ஆனா வாத்து போனதெல்லாம் அப்போ. இப்போ யாரு போறா?"

"நான் போவேன்."

"கடைசியா எப்போ போனீங்க?"

"ஆறு வருஷம் முன்னாடி."

கூடத்தில் சிரிப்பு. மாட்டுப்பண்ணை ஜெத்ரோதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

"அதுக்கப்புறம் ஏன் போகல?"

"போக இஷ்டமில்ல. இஷ்டமில்லாம போகாம இருக்கறது வேற, வழியில்லாம போகாம இருக்கறது வேற. எனக்கு முதல்ல சொன்னதுதான் வேணும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வியாழக்கிழமை காலை தாமே ஓடைக்கரையில் வந்து நிற்பதாகவும், வழக்கமான போக்குவரத்து என்று ஏதாவது ஓடையைத் தாண்டினால் யோசிப்பதாகவும் சொன்னார். போகிற போக்கில், "நாளைக்கு மார்ல்டன்லயும் இதே கூட்டம் இருக்கு, அங்க யாரு என்ன சொல்லப்போறாங்களோ" என்று அலுத்துக்கொண்டார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும்.

வியாழனுக்கு முன்னால் பாதையைச் சரிசெய்தாக வேண்டுமே. இரண்டு பக்கத்துப் புதர்வேலியும் வளர்ந்து நடுவில் கைகுலுக்கிக்கொண்டு நின்றன. ஜெத்ரோவை வேலியை வெட்டித் தரச் சொன்னால், "குருவி கூடு கட்டியிருக்கும்மா" என்றான். கோடை முடிந்து குருவியெல்லாம் பறந்து போய்விட்டது என்று அவனுக்கும் தெரியும். சரியென்று நானே தோட்டத்துக் கத்தரியை எடுத்துக்கொண்டு போனேன். டர்னிப் வயல் வளைவுவரை வெட்டினேன். அங்கே வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜெத்ரோவின் காளை தலையை நீட்டி என் வைக்கோல் தொப்பியைத் தின்றுவிட்டது, நாடாவோடு. மறுநாள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு போய் மேடுவரை வெட்டினேன். அதற்கு மறுநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து ஓடைவரை வெட்டினேன். புதன்கிழமை மாலை என் பழைய மோரிஸ் காரைக் கிளப்பிப் பார்த்தால், கடைக்குப் போய் வந்து பழகிய வண்டி, கடை தாண்டியதும் இருமத் தொடங்கியது. அதனிடம் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசினேன்.

வியாழன் காலை நல்ல மழை. நான் புறப்பட்டேன். கிளம்பியதுமே பின்னால் ஜெத்ரோ டிரெய்லர் நிறைய இளங்காளைகளை ஏற்றிக்கொண்டு டிராக்டரில் வருகிறான். வேடிக்கை பார்க்க வருகிறாயா என்று கேட்டால், "சந்தைக்குப் போறேம்மா, இந்தப் பக்கமும் ஒரு வழி இருக்குன்னு நீங்கதானே கூட்டத்துல சொன்னீங்க" என்கிறான். எனக்கு அழுகையே வந்துவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை. குளம் தாண்டி, டர்னிப் வயலைச் சுற்றி, மேடேறி, இல்லாத சாவடியை ஏமாற்றிவிட்டு இறங்கினோம். ஓடைக்கரையில் அதிகாரி குடையோடு நிற்கிறார். நான் அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். பாதி தூரம் போயிருப்பேன். எதிர்க்கரையிலிருந்து ஒரு பச்சை கார் இறங்கியது. நடு ஓடையில் என் காரின் மூக்குக்கு நேரே மூக்கை வைத்து நின்றது. உள்ளே யார் என்று நினைக்கிறாய்? உன் பெரியக்கா, கோவிலுக்குப் போகிற தொப்பியோடு.

ஒற்றை வண்டிப் பாதையில் எதிரெதிரே வந்தால், ஒதுங்குமிடத்துக்கு அருகில் இருப்பவர்தான் பின்னால் எடுக்க வேண்டும், இது உனக்கும் தெரிந்ததுதான். ஒதுங்குமிடம் அவள் பக்கம்தான் அருகில். அவள் எடுக்கவில்லை. அவளுக்குப் பின்னால் ரொட்டி வேன் வந்து நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் காளைகள். நான் ஹாரன் அடித்தேன். அவளும் அடித்தாள். காளைகள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் சொல்லின. கடைசியில் அவள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"ஏண்டி, எங்க போற?"

ஆறு வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு இது.

"எங்கயும் போகல. ரோடு இருக்குன்னு காட்டறேன். நீ எங்க போற?"

"நானும் எங்கயும் போகல. இந்த ரோட்ட அடைச்சுட்டா, வழி இல்ல, அதான் அக்காவ பாக்க வரலன்னு நீ ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவ. அந்தச் சாக்கு உனக்குக் கிடைக்கவே கூடாதுன்னுதான் வந்தேன்."

"நான் சொல்ல நினைச்சதை நீ சொல்லாத."

"பின்னால எடுடி."

"நீ எடு. உன் பக்கம்தான் இடம் இருக்கு."

"வயசுல மூத்தவ நான்."

கரையிலிருந்து அதிகாரி, "மேடம், யாராவது ஒருத்தர்..." என்று தொடங்கினார். "நீங்க சும்மா இருங்க சார்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். தண்ணீர் மழையில் ஏறிக்கொண்டிருந்தது. காருக்குள் என் காலடியில் தண்ணீர் நுழைகிற சத்தம் கேட்டது. எனக்குள் இத்தனை வருடம் அடைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் வாய்க்கு வந்தது.

"என் அத்திம்பேரைக் கடைசியா ஒரு தடவ பாக்க விடாம அடக்கம் பண்ணிட்டியே. மந்தை குறுக்க வந்தது என் தப்பா? கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?"

அவள் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பொறுக்கலன்னு உனக்கு யாருடி சொன்னா? பெட்டிய தோள்ல வச்சுக்கிட்டு ஆறு பேரு கோவில் வாசல்ல நிக்கறாங்க. ஏமஸ் என்ன லேசான மனுஷனா? ஒருத்தனுக்கு முட்டியே மடங்கிப் போச்சு. பாதிரியார் கடிகாரத்தப் பாக்கறார், வானத்தப் பாக்கறார். என் தங்கச்சி வருவா, அவ வராம உள்ள கொண்டுபோக விடமாட்டேன்னு நான் வாசல்ல குறுக்க நின்னேன். கடைசில என்னை இழுத்துட்டுத்தான் உள்ள போனாங்க. அப்புறம் நீ வந்து சாண்ட்விச்ச கையில எடுத்துட்டு, வழியில ஆடுன்னே."

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீ கேட்டியா?"

கேட்கவில்லை, தம்பி. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முட்டி மடங்கியவர் யார் என்று கேட்கத் தோன்றியது, சிரிப்பும் வந்தது, மூக்கும் அடைத்தது. நான் தலையை வெளியே நீட்டி, "அக்கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதே நொடியில் என் கார் பின்பக்கமாக ஓட ஆரம்பித்தது. என் இன்ஜின் எப்போதோ அணைந்து போயிருக்கிறது, ஜெத்ரோ டிரெய்லரைக் கரையில் கழற்றிவிட்டு வந்து, பின்னால் கயிறு கட்டி, என்னைக் கேட்காமல் டிராக்டரால் இழுத்துவிட்டான். "அம்மா, முங்கிடுவீங்க" என்கிறான். அந்தப் பக்கம் ரொட்டி வேன்காரர் அவள் காரை இழுத்தார். கண்ணாடிக்கு வெளியே அவள் வாய் அசைவது தெரிந்தது, என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. ஆக, கத்பர்ட், நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கு ஓடையை ஒருவரும் தாண்டவில்லை.

ஆனால் ஆஸ்கில் நேர்மையான மனிதர். குடையை மடக்கிவிட்டு என் காரிடம் வந்து, "மேடம், நான் இந்த வேலைக்கு வந்ததுலேர்ந்து கிராமத்து ரோட்டுல ட்ராஃபிக் ஜாம் பாத்ததில்ல. போக்குவரத்து இல்லன்னு நான் எப்படி எழுத முடியும்?" என்றார். அறிவிப்பைக் கம்பத்திலிருந்து கழற்றிவிட்டார்கள். பாதை பிழைத்தது. வரைபடத்தில் ஒரே கோடாகப் போட்டுவிடுவதாகவும், இதுபோல் மறுபடி நடக்காதபடி ஓர் ஏற்பாடு செய்யப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது என் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நாளை நான் வேறு மாதிரி எழுதியதாக நீ சொல்லக்கூடாது. ஏமஸ் விஷயத்தில் அவள் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவள் வாசலை மறித்து நின்றதை நினைத்தால் ராத்திரியில் தூக்கம் வரவில்லை. ஆனால் போவதற்கு நான் தயாரில்லை. நான் அக்கா என்று சொல்லிவிட்டேன், என் பங்கு முடிந்தது. இனி வர வேண்டியது அவள். பாதை திறந்திருக்கிறது, வேலியும் நானே வெட்டிவைத்திருக்கிறேன், அவள் வண்டியும் காய்ந்திருக்கும். அவள் வந்தால் டீ போடுவேன், பழ கேக்கும் செய்து வைத்திருக்கிறேன். வராவிட்டால் நானும் பூனையும் தின்போம். நான் மட்டும் முதலில் போகமாட்டேன். இதில் மாற்றமில்லை.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். உன் ஆட்டுக்கூட்டம் பெருகட்டும், உன் முழங்கால் வலி குறையட்டும், உங்கள் பக்கத்து வெயிலில் கொஞ்சம் மிச்சம் பிடித்து எங்களுக்கும் அனுப்பிவை.

என்றும் உன் நலம் நாடும் அக்கா,
ஹெஸ்டர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கவுன்சில்காரர்கள் வந்து இரண்டு முனையிலும் பலகை நட்டுவிட்டார்கள். இனி யாரும் எதிரெதிரே நின்று சண்டை போடக்கூடாதாம். பாதையை ஒருவழியாக்கிவிட்டார்கள், ஹக்ஸ்பியிலிருந்து மார்ல்டனுக்கு மட்டும். டார்கஸ் இந்த வழியே வர நினைத்தாலும் வர முடியாது, சட்டப்படி குற்றம். போக முடிந்தவள் நான் ஒருத்திதான். கேக் வேறு கெட்டுப்போகிறது. ஆகவே போனேன். ஆனால் திரும்பி வரப் பெரிய சாலையைச் சுற்றி அரை ஜில்லா கடக்க வேண்டும், இருட்டில் என் மோரிஸ் அதற்குச் சம்மதிக்கவில்லை. முந்தாநாளிலிருந்து இங்கே அக்கா வீட்டில்தான் இருக்கிறேன், பூனையை ஜெத்ரோ நேற்று சந்தைக்குப் போகிற வழியில் கொண்டுவந்து விட்டான். அக்காவும் நானும் சேர்ந்து, ஒருத்தியைப் போகவிட்டு இன்னொருத்தியை வரவிடாத பாதை இருவருக்குமே வேண்டாம், உடனே அடைக்க வேண்டும் என்று கவுன்சிலுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். மேலே நான் உறுதியாகச் சொன்னதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. பதிலை மார்ல்டன் முகவரிக்குப் போடு.