பிடிக்காததை அழிக்கவும்

பலகையில் மறுபடியும் கத்தரிக்காயைக் காணோம்.

காலையில்தான் பால்வண்ணநாதன் இரண்டாம் தடவையாக எழுதியிருந்தார். எட்டுக் காய்கறிகளின் பெயர், கீழே, "பிடிக்காததை அழிக்கவும். மற்றவை நாளை சமைக்கப்படும்." குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள், தினமும் ஒரே சாம்பாரா என்று முகம் சுளித்ததால் வந்த யோசனை. ஆடி அமாவாசைப் பந்தியில் இருபது இலையாவது விழாவிட்டால் கடையை வேறு ஆளுக்கு விடப்போவதாகக் கட்டிடச் சொந்தக்காரர் தென்காசியிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார். பால்வண்ணநாதன் பதினோரு வருஷமாக நடத்துகிற சாப்பாட்டுக் கடை.

"நீரா அழிச்சீரு வே?" என்று சமையற்காரர் சிவசைலத்தைக் கேட்டார்.

"நான் அழிச்சா கத்தரிக்காயோடயா நிறுத்துவேன் அண்ணாச்சி? எட்டையும்லா அழிச்சிருப்பேன்."

கத்தரிக்குப் பதில் முருங்கைக்காய் எழுதினார். காபி ஆற்றித் திரும்புவதற்குள் அதுவும் போயிற்று. சாரல்தான் அழிக்கிறது என்று பலகையை உள்ளே, சமையலறை வாசலுக்கு மேலே மாட்டினார். முட்டைக்கோசு போயிற்று. ஈர விரலால் துடைத்த தடம். கடையில் ஒருவருமில்லை.

முள்ளங்கியைத் தார் தொட்டு எழுதினார். காயும் முன்பே அது மறைந்து, அந்த இடத்தில் நீர் முத்துமுத்தாக நின்றது.

மற்றதும் ஒவ்வொன்றாகப் போய், அமாவாசைக்கு முந்தின நாள் மிஞ்சியவை நான்கு: வாழைக்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டை.

"இது திவசச் சமையல்லா அண்ணாச்சி," என்றார் சிவசைலம். "வாற ஆளு துக்கம் விசாரிச்சுட்டுல்லா போவான்."

"கேட்டதை ஆக்குதது நம்ம தொழில். ஆக்கும் வே."

அமாவாசை உச்சிவேளையில், சாரலோடு சாரலாக ஆட்கள் நுழைந்தார்கள். தலை துவட்டாமல், வேட்டி சொட்டச் சொட்ட, வரிசையாக உட்கார்ந்தார்கள். பேச்சே இல்லை. பால்வண்ணநாதனே பரிமாறினார். பிரண்டைத் துவையல் விழுந்ததும் ஒரு பெரியவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, "இந்த வாசம் பிடிச்சு ஒரு வருஷமாச்சு," என்றார்.

இருபத்து மூன்று இலை. பால்வண்ணநாதனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இலை எடுக்கிற பேச்சித்தாய்க்குக் குரல் கொடுத்துவிட்டு, வாசல் கல்லாவில் கட்டிடக்காரருக்குக் கார்டு எழுத உட்கார்ந்தார். 'இன்று இருபத்து மூன்று பேர் திருப்தியாக...' நிமிர்ந்தபோது பந்தி எழுந்து போயிருந்தது. தரையெல்லாம் ஈரம்.

கூடையோடு உள்ளே போன பேச்சித்தாய், போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"என்னை எதுக்கு இப்பவே கூப்பிட்டீங்க அண்ணாச்சி? எல்லா இலையிலயும் வச்சது வச்சபடி இருக்கு, இன்னும் ஒருத்தரும் கை நனைக்கலியே."